பேங்க் பி.ஓ. இல்லைங்க, இது கோர்ட் பி.ஓ.!

சைக்காலஜி படிக்கிறீங்களா? 'நான் இப்ப மனசுல என்ன நினைக்கிறேன், சொல்லு பார்ப்போம்'னு சொந்தக்காரங்க கேட்டிருப்பாங்களே! அடுத்த கேள்வி, 'படிச்சு முடிச்சிட்டு என்ன பண்ணப் போறே?' கிளினிக், ஹெச்.ஆர். தவிர இன்னொரு பதிலும் இருக்கு: நன்னடத்தை அலுவலர். அதாவது, புரபேஷன் ஆபீசர்.

20 வயசுப் பையன் ஒருத்தன், கூட்டாளிங்க பேச்சைக் கேட்டு பைக் திருடி மாட்டிக்கிட்டான்னு வெச்சுக்குங்க. குற்றம் நிரூபணமாயிடுச்சு. நேரா ஜெயிலா? அவசரப்படாதீங்க. 1958-ம் வருட குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் 6-வது பிரிவு குறுக்கே வந்து நிற்கும். 21 வயதுக்குக் கீழே இருப்பவரை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றமாக இல்லாதபட்சத்தில், எடுத்த எடுப்பில் சிறைக்கு அனுப்பக் கூடாது. நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பார்த்துத்தான் நீதிபதி முடிவெடுக்கணும்.

அந்த அறிக்கையை எழுதப் போறது நீங்க! அவன் வீட்டுக்குப் போவீங்க. 'என் புள்ள தங்கம் சார்'னு அம்மா அழுவாங்க. பக்கத்து வீட்டுக்காரர் வேற கதை சொல்வார். பையன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிப்பான். அது வருத்தமா, நடிப்பா? யாரோட சேர்றான், என்ன பழக்கம், வேலை கிடைச்சா நிலைச்சு நிப்பானா? கிளாஸ்ல படிச்ச பேட்டி முறையும், நண்பர் குழுவின் தாக்கமும், போதைப் பழக்கமும் இங்கேதான் உயிரோட எதிர்ல வந்து நிக்கும்.

கோர்ட் அவனை உங்க மேற்பார்வையில வெளியே விட்டா, நல்லபடியா நடக்கிறானான்னு பார்க்கணும். வேலை தேடித் தரவும் முயற்சி பண்ணணும். கஷ்டமான இடம் எது தெரியுமா? உங்களை அண்ணனா நம்பி, 'நேத்து மறுபடியும் அந்தப் பசங்களோட போயிட்டேன்'னு அவன் சொல்ற நாள்தான். நீங்க அவனுக்கும் துணை, கோர்ட்டுக்கும் பதில் சொல்ல வேண்டியவர். ரெண்டு பேரையும் ஏமாத்தக் கூடாது.

அப்போ பரோல்? புரபேஷன் சிறைக்குப் பதிலா கிடைக்கிறது. பரோல் சிறைக்குப் போன பிறகு வர்றது. தமிழ்நாட்டுல கைதி விடுப்பு கேட்கும்போது ஊர்ல விசாரிச்சு அறிக்கை தர்றதும் நன்னடத்தை அலுவலர் வேலைதான்.

எப்படிச் சேர்றது? டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்புகள் மேல ஒரு கண் வைங்க. கல்வித் தகுதியை வரி விடாம படிங்க. இளங்கலையோட நிறுத்தாம சமூகப்பணி, குற்றவியல்னு முதுகலையும் முடிச்சா வாய்ப்பு கூடும். சென்னைப் பல்கலைக்கழகத்திலும், நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியல் துறை இருக்கு.

அதுக்கு முன்னாடி ஒரு நாள் உங்க ஊர் கோர்ட்ல போய் உட்காருங்க. பொதுவா யார் வேணும்னாலும் வேடிக்கை பார்க்கலாம். கூண்டுல நம்ம வயசுல ஒருத்தன் நிப்பான். நான் இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட். அவனுக்கு என்னால எதுவும் பண்ண முடியாது. உங்களால முடியும் ஃப்ரெண்ட்ஸ்!