வானொலியும் வடமும்

வெள்ளத்தில் கைப்பேசிக் கோபுரங்கள் செயலிழக்கும் வேளைகளில், அமெச்சூர் வானொலி நிலையங்கள் தகவல் தொடர்புக்குக் கைகொடுக்கின்றன. அத்தகைய நிலையத்தில் பலரும் கவனிக்கத் தவறும் பகுதி, வானொலிக் கருவியை ஆண்டெனாவுடன் இணைக்கும் ஓரச்சு வடமாகும். இதனைக் ‘கோஏக்சியல் கேபிள்’ என்றும் அழைப்பர்.

இவ்வடத்தின் நடுவே செம்புக் கம்பி செல்கிறது. அதைச் சுற்றி மின்கடத்தாப் பொருளும், அதன்மேல் உலோகப் பின்னலும், வெளியே நெகிழி உறையும் உள்ளன. ஆலிவர் ஹெவிசைடு என்ற ஆங்கிலேயர் 1880ஆம் ஆண்டில் இவ்வமைப்புக்குக் காப்புரிமை பெற்றார்.

வடத்தின் வழியே செல்லும் ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாக வீணாகிறது. அதிர்வெண்ணும் நீளமும் கூடக்கூட இழப்பும் கூடும். சான்றாக, 145 மெகாஹெர்ட்ஸில் 50 வாட் ஆற்றலை 30 மீட்டர் வடத்தில் செலுத்துவதாகக் கொள்வோம். 5 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஆர்.ஜி.58 வடத்தில் ஏறத்தாழ 15 வாட்டே ஆண்டெனாவை அடையும். 10 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஆர்.ஜி.213 வடத்திலோ 25 வாட்டுக்கும் மேல் சென்று சேரும்.

தடிப்பு மட்டும் போதாது. தொலைக்காட்சி வடம் 75 ஓம் மின்மறுப்பு உடையது. இவ்வகை வானொலிக் கருவிகளுக்கோ 50 ஓம் வடமே பொருந்தும். இணைப்பிகளில் மழைநீர் புகாதவாறு காப்பதும் இன்றியமையாதது.

ஆற்றல் மிகுந்த கருவியை வாங்கினால் நம் குரல் வெகுதூரம் சென்றடையலாம். ஆனால், உதவி கேட்பவரின் மெல்லிய சமிக்ஞையும் அதே வடத்தின் வழியேதான் வந்தாக வேண்டும். எனவே, கருவியை மாற்றுவதற்கு முன் வடத்தை மாற்றுவதே சிறந்தது.