கூரைக்கு வந்த கொடை: ரீம்ஸ் பேராலயச் சீரமைப்பும் மதுரைச் சமவெளியின் செங்கல் ஆலயங்களும்

ஆய்வுச்சுருக்கம்

முதல் உலகப்போரில் எரிந்த பிரான்சின் ரீம்ஸ் பேராலயம் கொடையாளர் துணையோடு மீட்டெடுக்கப்பட்ட முறையை இக்கட்டுரை விளக்குகிறது. கொடைப்பணம் எவ்வளவு என்பதைவிட, அது கட்டடத்தின் எப்பகுதிக்கு அளிக்கப்பட்டது என்பதே சீரமைப்பின் தரத்தைத் தீர்மானிக்கிறது என்னும் கருத்தை முன்வைத்து, அதனை மதுரைச் சுற்றுவட்டாரத்துச் சுண்ணாம்புக் காரைக் கட்டடங்களோடு பொருத்திப் பார்க்கிறது.

திறவுச்சொற்கள்: பேராலயம், சீரமைப்பு, கொடை, சுண்ணாம்புக் காரை, இடைக்காட்டூர், ரீம்ஸ்

முன்னுரை

சித்தர் இடைக்காடரோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் இடைக்காட்டூர், மதுரைக்குத் தென்கிழக்கே, மானாமதுரை செல்லும் வழியில் சிவகங்கை மாவட்டத்தில் அமைந்துள்ளது. அவ்வூரின் திரு இருதய ஆலயத்தை 1894இல் இயேசு சபையைச் சேர்ந்த பெர்டினாண்ட் செல் அடிகளார் எழுப்பினார். ரீம்ஸ் பேராலயத்தின் சாயலில் கட்டப்பட்ட இவ்வாலயத்திற்குப் பிரெஞ்சுப் பெண்மணி ஒருவர் பொருளுதவி செய்ததாக ஆலய வரலாறு கூறும். ரீம்ஸில் கல்லில் செதுக்கப்பட்டவை இங்குச் சுட்ட மண்ணில் வார்க்கப்பட்டன. பலவகை அச்சுகளில் அறுத்துச் சுட்ட செங்கற்களும் ஓடுகளும் வளைவுகளாகவும் கூர்முனைகளாகவும் உருப்பெற்றன. அளவில் மிகச் சிறியதாயினும் மூலத்தின் சாயலை உணர்த்தும் இவ்வாலயம் எழுந்து இருபது ஆண்டுகளில், மூலப் பேராலயம் தீக்கிரையானது.

எரிந்த பேராலயம்

1211இல் கட்டத் தொடங்கப்பட்ட ரீம்ஸ் பேராலயம் பிரெஞ்சு மன்னர்கள் முடிசூடிய இடமாகும். 1914 செப்டம்பர் 19 அன்று செருமானியப் பீரங்கித் தாக்குதலின்போது வடகோபுரத்தைச் சுற்றியிருந்த மரச்சாரத்தில் தீப்பற்றியது. தீ கூரைக்குத் தாவியது. ஓக் மரச் சட்டகம் முழுதும் எரிந்தது. அதன்மேல் வேய்ந்திருந்த ஈயத் தகடுகள் உருகி வழிந்தன. சுவர்களும் கோபுரங்களும் நின்றன. எனினும் கூரையற்ற கட்டடத்தைப் பீரங்கிக் குண்டுகளோடு மழையும் பனியும் தாக்கின. கல் வளைவு மண்டபம் ஒன்றின் உயிர் அதன் மேலுள்ள கூரையில் இருக்கிறது. வளைவுகளில் நீர் இறங்கினால் காரை கரையும். காரை கரைந்தால் கல் நெகிழும்.

கொடையும் கொடையாளரும்

1905ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் பிரான்சின் பேராலயங்கள் அரசுடைமையாகவே இருந்தன. ஆயினும் போரால் சிதைந்த நாட்டில் வீடுகளையும் பள்ளிகளையும் விடுத்து ஒரு பேராலயத்திற்கு அரசு எவ்வளவு ஒதுக்க இயலும்? இந்நிலையில் 1924 மே மாதம் அமெரிக்கச் செல்வர் இளைய ஜான் டி. ராக்பெல்லர், பிரெஞ்சுத் தலைமையமைச்சர் ரேமோன் புவான்காரேவுக்குக் கடிதம் எழுதி, 10 லட்சம் டாலர் அளிக்க முன்வந்தார். அத்தொகை வெர்சாய், போன்தென்புளோ அரண்மனைகளுக்கும் ரீம்ஸ் பேராலயத்திற்கும் உரியது. 1927இல் மேலும் 18.5 லட்சம் டாலர் வழங்கினார். பிரெஞ்சு, அமெரிக்க உறுப்பினர்கள் அடங்கிய குழு செலவினைக் கண்காணித்தது.

கொடையாளர் கத்தோலிக்கர் அல்லர், பாப்டிஸ்ட் சபையினர். அதனினும் கவனிக்கத்தக்கது, ரீம்ஸுக்கு அவர் அளித்த முதற்கொடை கூரைக்கென்றே குறிக்கப்பட்டதாகும். பலிபீடம், வண்ணக் கண்ணாடி, மணி என எதனையும் அவர் தெரிவு செய்திருக்கலாம். வழிபடுவோர் அண்ணாந்து பார்த்தாலும் தென்படாத பகுதிக்குக் கொடுத்தார்.

மரத்திற்கு மாற்றாகக் கற்காரை

சீரமைப்பை 1919 முதல் நடத்திய ஹென்றி தெனோ, ரீம்ஸ் நகரிலேயே பிறந்த கட்டடக் கலைஞர். எரிந்த ஓக் சட்டகத்தை அவர் மீண்டும் மரத்தில் செய்யவில்லை. 16ஆம் நூற்றாண்டுக் கலைஞர் பிலிபேர் தெலோர்ம் சிறு மரத்துண்டுகளை இணைத்துப் பெருங்கூரை அமைத்த முறையை எடுத்துக்கொண்டு, அதனை வலுவூட்டிய கற்காரையில் செய்தார். முன்னரே வார்த்த சிறு துண்டுகளை மேலே ஏற்றி, ஓக் ஆப்புகளால் பொருத்தினார். பெரிய மரங்களுக்கு அலைய வேண்டியதில்லை; மீண்டும் தீப்பிடிக்கும் அச்சமும் இல்லை. 1927இல் நடுக்கூடம் வழிபாட்டிற்குத் திரும்பியது. 1938 சூலையில் பேராலயம் முழுமையாகத் திறக்கப்பட்டது.

2019 ஏப்ரல் 15 அன்று எரிந்த பாரிசின் நோத்ர தாம் பேராலயத்தில் இதற்கு நேர்மாறான முடிவு எடுக்கப்பட்டது. 150 நாடுகளின் ஏறத்தாழ 3,40,000 கொடையாளர்கள் 84.6 கோடி யூரோ வழங்கினர். அவ்வாண்டு சூலையில் இயற்றப்பட்ட தனிச் சட்டம், நன்கொடையைப் பேராலயப் பாதுகாப்பிற்கும் சீரமைப்பிற்கும் உரியதாக்கியது. சட்டகம் மீண்டும் ஓக் மரத்தில், பழைய கைவினை முறையில் செய்யப்பட்டது. 2024 டிசம்பரில் பேராலயம் திறக்கப்பட்டபின் எஞ்சிய நிதி வெளிப்புறக் கற்பணிக்கு ஒதுக்கப்பட்டது. மரபு நுட்பம் போதாதவிடத்துச் சோதித்தறிந்த புது நுட்பத்தை ஏற்கலாம் என 1964ஆம் ஆண்டு வெனிசுப் பட்டயம் கூறுவதால், தெனோவின் முடிவைப் பிழையெனல் பொருந்தாது. இரு முடிவுகளும் கூரையையே முதன்மையாகக் கொண்டன.

மதுரைச் சமவெளியின் நிலை

தெனோவின் கற்காரையை முன்னுதாரணமாகக் காட்டி, நம் பழங்கட்டடங்களில் சிமெண்டுப் பூச்சினை நியாயப்படுத்துவது தவறாகும். அவர் புதுப்பொருளைத் தனிச் சட்டகமாக நிறுத்தினார், பழஞ்சுவரின்மேல் அப்பவில்லை. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் ஈரத்தை உறிஞ்சி வெளிவிடுபவை. அவற்றின்மேல் சிமெண்டுப் பூச்சோ பளபளக்கும் வண்ணமோ ஏறினால் ஈரம் உள்ளேயே தங்கும். உப்புப் பூத்துச் செங்கல்லின் முகம் பொரிந்து உதிரும். சுட்டமண் அணிவேலை மிகுந்த இடைக்காட்டூர் போன்ற ஆலயத்தில் உதிரும் ஒவ்வோர் ஓடும் தனி அச்சில் வார்த்ததாகும். டி. கல்லுப்பட்டி, திருமங்கலம் வட்டாரக் கரிசல் மண் மழையில் உப்பிக் கோடையில் வெடிப்பது. அவ்வசைவிற்குச் சுண்ணாம்புக் காரை ஓரளவு நெகிழ்ந்து கொடுக்கும்; சிமெண்டு விரிசல் விடும்.

இவற்றை அறிந்த பொறியாளர் உளர். இடர்ப்பாடு கொடையின் இயல்பில் உள்ளது. கொடையாளர் பெயர் பொறிக்கத்தக்க பொருளையே விரும்புகின்றனர்: கிரானைட் தரை, புது வாயில், ஒலிபெருக்கி. குழல்விளக்கில் பெயரெழுதி ஒளியையே மறைக்கும் வழக்கம் எச்சமயத்தார்க்கும் பொதுவாகிவிட்டது. மழைநீர் வடிகாலுக்கோ கூரை ஓடு மாற்றவோ பெயர்ப்பலகை வைப்பார் அரியர்.

தமிழ் மரபு இதற்கு வழி அறியாததன்று. பழுதுபார்ப்பிற்கென நிலம் விடுவதைப் ‘புதுக்குப்புறம்’ என்றும், வடமொழிப் பகுதியில் ‘கண்டஸ்புடித நவகர்மம்’ என்றும் சாசனங்கள் குறிக்கின்றன. கட்டடம் பழுதாகும் என்பதை முன்னரே ஏற்று, அதற்கான வருவாயை அன்றே ஒதுக்கிவைக்கும் ஏற்பாடு அது. ராக்பெல்லரின் கொடை பேரழிவிற்குப் பின் வந்தது. புதுக்குப்புறம் அழிவிற்கு முன் வைக்கப்பட்டது.

ரீம்ஸில் பேராலயத்தை அடுத்த தெரு ஒன்று இன்று ராக்பெல்லர் பெயரைத் தாங்குகிறது. நம் பங்குகளின் நன்கொடைப் பதிவேடுகளில் யார் கொடுத்தார் என்பதோடு எதற்குக் கொடுத்தார் என்பதும் எழுதப்பட்டிருக்கும். கூரைக்கும் வடிகாலுக்கும் வந்த தொகையை அப்பதிவேடுகளிலிருந்து தனித்துத் தொகுப்பது மேலாய்வுக்குரியது.