சாலி கோலியை எங்கே தேடுவாள்?

ஒரு குட்டிக் கதை. சாலி தன் கோலியைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே போகிறாள். அவள் இல்லாத நேரத்தில் ஆன் என்ற சிறுமி கோலியை எடுத்துப் பெட்டிக்குள் போட்டுவிடுகிறாள். திரும்பி வரும் சாலி கோலியை எங்கே தேடுவாள்?

‘கூடையில்’ என்கிறீர்களா? சரிதான். 1985இல் இங்கிலாந்தில் சைமன் பேரன்-கோஹன், ஆலன் லெஸ்லி, ஊட்டா ஃபிரித் ஆகிய உளவியலார் இக்கதையைப் பொம்மைகளால் நடித்துக் காட்டினர். ஆட்டிசம் உள்ள 20 பிள்ளைகளிடம் இதே கேள்வியைக் கேட்டனர். 16 பேர் கோலி உண்மையில் இருந்த இடத்தையே காட்டினர். பிறர் மனத்தில் இருப்பதை ஊகிப்பது இவர்களுக்குக் கடினம் என்று ஆய்வாளர் கருதினர்.

அப்படியானால், அந்தப் பிள்ளைகளின் மனத்தில் இருப்பதை மற்றவர்கள் சரியாக ஊகிக்கிறார்களா? 2012இல் இப்படித் திருப்பிக் கேட்டவர் டேமியன் மில்டன். ஆட்டிசம் உள்ள பிரிட்டிஷ் சமூகவியலாளர் அவர். புரியாமை இரு பக்கமும் இருக்கிறது என்றார்.

மறுபக்கத்தை எப்படி அறிவது? “உனக்கு என்ன கஷ்டம்?” என்று நேராகக் கேட்டால் யாருக்கும் பேச்சு வராது. ஆட்டிசம் உள்ள இளைஞர்களும் மற்றவர்களும் ஆளுக்கொரு பகுதியாகச் சேர்ந்து கதை கட்டுவது ஒரு வழி. சொந்தக் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. கற்பனைப் பாத்திரம் சொல்லும். பேசாதவர் எழுதலாம், வரையலாம்.

“மணி அடித்தது, எல்லாரும் குதூகலமாக ஓடினார்கள்” என்று ஒருவர் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். “அவன் மட்டும் மேசைக்கடியில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்” என்று அடுத்தவர் தொடரலாம். வகுப்பில் இதைக் கண்டால் ‘அடங்காத பிள்ளை’ என்று தண்டித்திருப்போம்! ஆட்டிசம் உள்ள பலருக்கு ஓசையும் ஒளியும் தொடுகையும் தாங்க முடியாத அளவு உறைக்கும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் கையேட்டின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பில், புலன்களின் இத்தகைய மாறுபாட்டையும் ஆட்டிசத்தின் அடையாளங்களுள் சேர்த்தது.

ஓர் எச்சரிக்கை. கதை, தராசு அல்ல. ஒருவர் எழுதியது எல்லாருக்கும் பொருந்தாது. எது அனுபவம், எது கற்பனை என்பதை எழுதியவரிடமே கேட்க வேண்டும். அவர் சொல்ல விரும்பாவிட்டால் விட்டுவிட வேண்டும்.

செய்து பாருங்கள்: நான்கு நண்பர்கள் சேருங்கள். பள்ளி மணி அடிப்பதில் கதையைத் தொடங்குங்கள். ஆளுக்கு மூன்று வரி. மற்றவர் எழுதியதை அடிக்கக் கூடாது. தொடர மட்டுமே செய்யலாம். முடித்ததும் உரக்கப் படியுங்கள். உங்கள் பக்கத்து இருக்கை நண்பருக்கு அந்த மணி எப்படிக் கேட்கிறது?