புள்ளிகளுக்கு நடுவே இருக்கும் நாதம்

தம்புராவின் குதிரைக்கும் தந்திக்கும் நடுவே ஒரு நூல் செருகுவார்கள். ஜீவா என்று அதற்குப் பெயர். அதைச் சற்றே நகர்த்தினால் போதும், மொட்டையாக ஒலித்த தந்தி ரீங்கரிக்கத் தொடங்கும். அடிப்படைச் சுருதி 140 ஹெர்ட்ஸ் என்றால் 280, 420, 560 என்று அதன் மடங்குகளும் கூடவே எழும். தந்தியை மீட்டும் இடத்தைப் பொறுத்து இவற்றுள் சில எழவே கூடாது என்பது ஐரோப்பிய அறிஞர்கள் வகுத்த விதி. நம் வீணையும் தம்புராவும் அந்த விதிக்குள் அடங்கவில்லை, காரணம் வளைந்த குதிரைதான் என்று 1921-இல் எழுதினார் இயற்பியலாளர் சி.வி. ராமன்.

இந்த ரீங்காரத்தை வீட்டு ஸ்பீக்கரில் குறைவில்லாமல் கேட்க ஆசைப்படும் பெங்களூரு ரசிகருக்கு இன்று ஒரு சந்தேகம் வரும். சிடி, ஒலியை நொடிக்கு 44,100 முறை மட்டுமே அளந்து எண்ணாகப் பதிகிறது. இரண்டு அளவுகளுக்கு நடுவே நடந்தது தொலைந்துபோகாதா? அப்ஸ்கேலர் என்ற பெட்டி அதை மீட்டுத் தருமா?

தொலைவதில்லை. 44,100-இல் பாதியான 22,050 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அதிர்வுகளை வடிகட்டிவிட்டு அளந்தால், அந்தப் புள்ளிகள் அனைத்தின் வழியாகவும் செல்லக்கூடிய அலை ஒன்றே ஒன்றுதான். 1949-இல் கணிதவியலாளர் கிளாட் ஷானன் தெளிவாக நிறுவிய தேற்றம் இது. மனிதக் காதின் எல்லையோ சுமார் 20,000 ஹெர்ட்ஸ். பழைய படத்தைப் பெரிதாக்கும் டிவி, இல்லாத நுணுக்கத்தை ஊகித்து நிரப்புகிறது. ஒலியில் ஊகத்துக்கே இடமில்லை; விடை புள்ளிகளிலேயே அடங்கியிருக்கிறது.

அப்படியானால் பெட்டி எதற்கு? எண்களை மின் அலையாக மாற்றும்போது வேண்டாத நிழல்களும் பிறக்கின்றன. 20,000 ஹெர்ட்ஸ் ஒலியின் நிழல், 44,100-இலிருந்து அதைக் கழித்தால் வரும் 24,100-இல் விழும். ஒன்றைத் தொடாமல் பக்கத்திலேயே நிற்கும் மற்றொன்றை அகற்ற, செங்குத்தாக வெட்டும் மின்வடிகட்டி வேண்டும். அது செவிக்கு எட்டும் உயர் ஒலிகளின் காலஒழுங்கைக் குலைக்கும். 1982-இல் வந்த முதல் சிடி பிளேயர்களிலேயே பிலிப்ஸ் இதற்கு வழி கண்டது. புள்ளிகளுக்கு நடுவே கணக்கிட்ட புதுப் புள்ளிகளைச் செருகி, நொடிக்கு இத்தனை புள்ளிகள் என்ற வேகத்தை நான்கு மடங்காக, 1,76,400 ஆக உயர்த்தினார்கள். நிழல் 1,56,400 ஹெர்ட்ஸுக்குத் தள்ளிப்போனது. எளிய, மென்மையான வடிகட்டியே போதுமானதாயிற்று.

அப்ஸ்கேலர் செய்வதும் இதே வேலைதான், இன்னும் நுட்பமாக. பிரிட்டனின் கார்ட் நிறுவனம் 2018-இல் கொண்டுவந்த எம் ஸ்கேலர், சிடியின் வேகத்தை 16 மடங்காக்கி 7,05,600-க்கு ஏற்றுகிறது. புதுப் புள்ளிகளைக் கணக்கிடும் அதன் வடிகட்டியில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பெருக்கெண்கள். ஆனால் எண்ணை மின் அலையாக்கும் பெரும்பாலான டிஏசி சில்லுகளுக்குள்ளேயே இப்படி ஒரு கணக்குப் பகுதி ஏற்கெனவே இருக்கிறது. சிடி பிளேயர் வைத்திருப்பவர் பெரும்பாலும் ஓர் அப்ஸ்கேலரையும் சேர்த்தே வைத்திருக்கிறார்!

எனவே தனிப்பெட்டி தருவது புதிய இசையை அல்ல. ஏற்கெனவே நடக்கும் கணக்கில் கூடுதல் துல்லியத்தை. பதிவின்போது மைக்கில் விழாத ஒலியையும், எம்பி3 ஆக்கும்போது கழித்துக்கட்டிய நுணுக்கத்தையும் எந்தக் கணக்கும் திருப்பித் தராது. நல்ல வடிகட்டிகளுக்குள் உள்ள வித்தியாசம், செவிக்கெட்டும் எல்லைக்குள், பெரும்பாலும் ஒரு டெசிபலின் சிறு பின்னமே. டைல்ஸ் தரையும் கண்ணாடி ஜன்னலும் உள்ள அபார்ட்மென்ட் ஹாலோ, சுரங்களை இடத்துக்கு இடம் 10 டெசிபல்கூட ஏற்றி இறக்கிவிடும்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை அவசியம். பெட்டியோடும் பெட்டியில்லாமலும் ஒலியளவை மீட்டர் வைத்துச் சமமாக்குங்கள். சற்று உரத்து ஒலிப்பதே நல்லதாகத் தோன்றுவது காதின் இயல்பு. எது ஓடுகிறது என்று சொல்லாமல் வேறொருவரை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். பலமுறை கேட்டதில் தொடர்ந்து வித்தியாசம் பிடிபட்டால் தயங்காமல் வாங்கலாம். பிடிபடவில்லையா? அந்தப் பணத்தில் கனமான திரைச்சீலையும் தரைவிரிப்பும் இன்னும் நல்ல ஸ்பீக்கரும் வாங்குங்கள். அந்த மாற்றத்தை உணரப் பயிற்சி பெற்ற காது தேவையில்லை.