மகப்பேற்று வலிநிவாரணமும் பச்சிளங்குழந்தையும்

மகப்பேற்று வலிநிவாரணம் என்பது பிரசவ வலியைக் குறைக்கத் தாய்க்கு அளிக்கப்படும் மருந்துகளையும் முறைகளையும் குறிக்கும். மருந்து தாய்க்கே தரப்பட்டாலும் அதன் ஒரு பகுதி குழந்தையையும் சென்றடைகிறது. 'வலிக்கு ஊசி போட்டால் குழந்தைக்கு ஆகாது' என்னும் அச்சம் குடும்பங்களில் பரவலாக உண்டு. அந்த அச்சத்தில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் எல்லா மருந்துக்கும் அது பொருந்தாது. எந்த மருந்து, எவ்வளவு, குழந்தை பிறப்பதற்கு எவ்வளவு நேரம் முன்பு என்பவற்றைப் பொறுத்தே விளைவு அமைகிறது.

மருந்து குழந்தையை அடையும் விதம்

தாயின் இரத்தமும் குழந்தையின் இரத்தமும் நேரடியாகக் கலப்பதில்லை. நஞ்சுக்கொடியிலுள்ள மெல்லிய சவ்வு இரண்டையும் பிரிக்கிறது. சிறிய மூலக்கூறுகளும் கொழுப்பில் எளிதில் கரைபவையும் இச்சவ்வைக் கடந்துவிடும். மூளையில் செயல்பட்டு வலியைத் தணிக்கும் மருந்துகள் பெரும்பாலும் இத்தகையவையே. எனவே தாயின் மூளைக்குள் நுழையும் மருந்து நஞ்சுக்கொடியையும் கடக்கும் என்று பொதுவாகக் கொள்ளலாம்.

கருப்பைக்குள் இருக்கும்வரை, குழந்தைக்குச் சென்ற மருந்து மீண்டும் தாயின் இரத்தத்திற்குத் திரும்ப இயலும்; தாயின் கல்லீரல் அதைச் சிதைத்துவிடும். தொப்புள்கொடி வெட்டப்பட்டதும் அந்த வழி அடைபடுகிறது. எஞ்சிய மருந்தைக் குழந்தையின் முதிர்ச்சியடையாத கல்லீரலும் சிறுநீரகமுமே வெளியேற்ற வேண்டும். குறைமாதக் குழந்தைக்கு இது மேலும் கடினம்.

பெத்திடின் ஊசி

இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு பெத்திடின். அபின் வகை மருந்துகளைப் போல் செயல்படும் இச்செயற்கை மருந்து 1940களிலிருந்து பிரசவ அறைகளில் பயன்பட்டு வருகிறது. தாயின் உடலில் இதன் அளவு பாதியாகக் குறைய 3 முதல் 4 மணி நேரம் ஆகும். பச்சிளங்குழந்தைக்கோ ஏறக்குறைய 20 மணி நேரம் தேவைப்படுகிறது. பெத்திடின் சிதையும்போது உண்டாகும் நார்பெத்திடின் அதைவிட நீண்ட நேரம், சில நாட்கள் வரைகூட, உடலில் தங்கும்.

தசையில் ஊசி போட்ட பின் 2 முதல் 3 மணி நேரத்தில் பிறக்கும் குழந்தையே மிகுதியாகப் பாதிக்கப்படுகிறது. மருந்து குழந்தையிடம் மிகுந்து சேர்ந்திருக்கும் நேரம் அதுவே. ஊசி போட்ட சிறிது நேரத்திலேயே பிறந்துவிட்டால், மருந்து குழந்தையிடம் அவ்வளவாகச் சேர்ந்திருக்காது. பிரசவம் எப்போது நிகழும் என்பதை மருத்துவரும் செவிலியரும் கணித்துத்தான் ஊசி போடுகிறார்கள். ஆனால் அந்தக் கணிப்பு தவறுவது வழக்கமான ஒன்றே.

பாதிக்கப்பட்ட குழந்தை உறக்கக் கலக்கத்துடன் இருக்கும். மூச்சு மெதுவாக இருக்கும். தாய்ப்பாலைத் தேடிச் சப்புவது தாமதமாகும். இவ்விளைவுகள் பெரும்பாலும் தற்காலிகமானவை. ஆயினும் முதல் மூச்சையும் முதல் பாலூட்டலையும் தொடுவதால் அற்பமாக ஒதுக்கத்தக்கவை அல்ல.

அப்கார் மதிப்பெண்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் மார்ஃபினையும் ஸ்கோபொலமைனையும் சேர்த்துக் கொடுக்கும் 'அந்தி உறக்கம்' என்னும் முறை புகழ்பெற்றது. தாய்க்குப் பிரசவ நினைவே இராது. குழந்தைகள் சில வேளை அசைவின்றி, மூச்செடுக்கத் திணறிப் பிறந்தன.

குழந்தையின் நிலையை ஒரே அளவுகோலால் மதிப்பிட வழி வகுத்தவர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மயக்கவியல் மருத்துவர் வர்ஜீனியா அப்கார். அவர் 1952இல் முன்வைத்து 1953இல் வெளியிட்ட முறையில் இதயத்துடிப்பு, மூச்சு, தசை இறுக்கம், தூண்டலுக்கு எதிர்வினை, தோல் நிறம் ஆகிய ஐந்துக்கும் 0, 1, 2 என மதிப்பெண் தரப்படும். பலர் கருதுவதுபோல 'அப்கார்' முதலில் சுருக்கப்பெயராக உருவானதன்று, அம்மருத்துவரின் குடும்பப்பெயர். பிரசவ அறை மயக்க மருந்துகள் குழந்தையை எப்படிப் பாதிக்கின்றன என ஒப்பிடவும் இம்மதிப்பெண் உதவியது.

எபிடியூரல்

இம்முறையில் முதுகுத்தண்டில், தண்டுவட உறைக்கு வெளியே உள்ள இடத்தில் மெல்லிய குழாய் செருகி மருந்து செலுத்துவர். இன்று பெரும்பாலும் புபிவக்கைனும் ஃபென்டனைலும் மிகக் குறைந்த செறிவில் சேர்த்துத் தரப்படுகின்றன. புபிவக்கைன் தாயின் இரத்தப் புரதத்தோடு பிணைந்துகொள்வதால் குழந்தைக்குச் செல்லும் அளவு குறைவு.

இங்குக் கவனிக்க வேண்டியவை மறைமுக விளைவுகள். தாயின் இரத்த அழுத்தம் திடீரெனக் குறைந்தால் நஞ்சுக்கொடிக்குச் செல்லும் இரத்தமும் குறைந்து குழந்தையின் இதயத்துடிப்பு தளரலாம். அதனால்தான் அழுத்தத்தை அடிக்கடி பார்ப்பதும், தாயைப் பக்கவாட்டில் படுக்கவைப்பதும், தேவைப்பட்டால் அழுத்தத்தை உயர்த்தும் மருந்து தருவதும். சில தாய்மாருக்குக் காய்ச்சல் வருவதால், தொற்று உண்டோ என்ற ஐயத்தில் குழந்தைக்குப் பரிசோதனைகள் நடப்பதும் உண்டு. இவை இருந்தும், 2018இல் வெளியான காக்ரேன் திறனாய்வு எபிடியூரலால் 5ஆம் நிமிட அப்கார் மதிப்பெண் குறைவதாகக் காணவில்லை. அறுவைப் பிரசவமும் அதனால் கூடவில்லை.

முகமூடி வழியே உள்ளிழுக்கும் நைட்ரஸ் ஆக்சைடும் ஆக்சிஜனும் கலந்த வாயு, மூச்சு வழியாகவே விரைவில் வெளியேறிவிடும். குழந்தையிடம் அதன் தாக்கம் மிகச் சிறிது.

தணிக்கப்படாத வலி

வலியைத் தாங்கிக்கொள்வதே குழந்தைக்கு நல்லது என்பதும் சரியன்று. கடும் வலியில் தாய் வேகமாக மூச்சு வாங்கும்போது இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. அப்போது தாயின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை எளிதில் விடுவிப்பதில்லை. அச்சத்திலும் வேதனையிலும் சுரக்கும் அட்ரீனலின் போன்றவை கருப்பைக்குச் செல்லும் இரத்தத்தையும் குறைக்கின்றன. நலமான குழந்தை இதைத் தாங்கும். ஏற்கெனவே ஆக்சிஜன் குறைவால் தவிக்கும் குழந்தைக்கு இது கூடுதல் சுமை. பிரசவத்தின்போது துணைக்கு ஒருவர் தொடர்ந்து உடனிருந்தால் வலிநிவாரண மருந்தின் தேவையே குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

பிறந்த பின்

மருந்தின் தாக்கத்தால் மூச்சு குன்றிய குழந்தைக்கு முதல் உதவி முகமூடி வழியே காற்று செலுத்துவதே. அபின் வகை மருந்துக்கு நாலாக்சோன் என்னும் மாற்று மருந்து உண்டு. ஆனால் அதன் ஆற்றல் பெத்திடினுக்கு முன்பே தீர்ந்துவிடும் என்பதால், ஒருமுறை நன்றாக மூச்சுவிடத் தொடங்கிய குழந்தையையும் சில மணி நேரம் கண்காணிக்க வேண்டும். தாய் அபின் வகை மருந்துக்கு அடிமையாகியிருந்தால், நாலாக்சோன் குழந்தைக்கு வலிப்பை உண்டாக்கக்கூடும். அந்நிலையில் அது தரப்படுவதில்லை.