வெந்நீரும் தண்ணீரும் கலந்து வரும் குழாய்



பால்மரங்கள் சூழ்ந்திருந்த செனாவாங்கில் இன்று தொழிற்சாலைகளும் வரிசை வீடுகளும் எழுந்துள்ளன. லயத்துப் பொதுக் குழாயின் முன் வாளியுடன் காத்திருந்த நம்முள் பலர், இன்று குளியலறையில் ஷவரின் கீழ் நிற்கின்றோம். வாளி நீரில் கைவைத்துப் பார்த்த பின்னரே அன்று உடம்பில் ஊற்றினோம். ஷவரிலோ நீர் மேனியில் விழுந்த பின்னரே அதன் சூடு தெரிகின்றது.

ஒருநாள் நம் இல்லத்தில் பேரன் குளித்துக்கொண்டிருந்த வேளையில், நாம் பின்கட்டில் துணி துவைக்கும் குழாயைத் திறந்தோம். உடனே குளியலறையிலிருந்து அலறல் கேட்டது. பிள்ளையின் முதுகு சிவந்திருந்தது. தண்ணீரைத்தானே திறந்தோம், வெந்நீர் எப்படிப் பிள்ளையைச் சுட்டது? இதற்கு விடை காண்போம்.

அழுத்தம் என்பது யாது?

மாணவர்களே, பழைய மைலோ டின் ஒன்றில் மேலும் நடுவிலும் கீழுமாக மூன்று துளைகள் இடுங்கள். உயரமான முக்காலியின் மேல் வைத்து நீர் நிரப்புங்கள். அடித்துளையின் நீரே மிகுந்த வேகத்துடன் பாயும். மேலுள்ள நீரின் உயரமே அழுத்தத்தைத் தருகின்றது. 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் இவ்வுண்மையை விளக்கினார்.

10 மீட்டர் உயர நீர், 1 சதுர சென்டிமீட்டர் பரப்பில் ஏறத்தாழ 1 கிலோகிராம் எடையளவுக்கு அழுத்தும். கூரைக்கடியிலுள்ள தொட்டி ஷவருக்கு 2 மீட்டர் மேலே இருப்பின், கிடைப்பது அதில் ஐந்திலொரு பங்கே. தொட்டியைப் பெரிதாக்கினால் அழுத்தம் கூடாது, உயர்த்தினால்தான் கூடும்.

பிள்ளையைச் சுட்டது எது?

கலவைக் குழாயில் இரு நீர்களும் சந்திக்கின்றன. நிமிடத்திற்கு 60 பாகை வெந்நீர் 3 லிட்டரும், 28 பாகை தண்ணீர் 6 லிட்டரும் கலந்தால் ஏறத்தாழ 39 பாகை வரும். அது இதமான சூடு. அதே தண்ணீர்க் குழாயின் கிளையொன்றை வேறொருவர் திறந்தால், ஷவருக்கு வரும் தண்ணீர் 2 லிட்டராகக் குறையலாம். அப்போது கலவை 47 பாகையைத் தொடும். வெந்நீர் கூடவில்லை, தண்ணீர் குறைந்தது. அதுவே பிள்ளையைச் சுட்டது. தண்ணீர் முற்றாக நின்றால் 60 பாகை நீரே விழும். அது சில நொடிகளில் தோலை வேகச்செய்யும்.

உடனடி வெந்நீர்க் கருவி உள்ள வீடுகளில் காரணம் சற்றே வேறு. 3.6 கிலோவாட் கருவி, நிமிடத்திற்கு 4 லிட்டர் ஓடும்போது நீரின் சூட்டை 13 பாகையளவு உயர்த்தும். ஓட்டம் 2 லிட்டரானால் 26 பாகை உயர்த்தும். ஆகவே அங்கும் ஓட்டம் குறைந்தால் சூடு ஏறும்.

செய்ய வேண்டுவன

வெந்நீர்க் கொதிகலனுக்கும் கலவைக் குழாய்க்கும் ஒரே தொட்டியிலிருந்து நீர் வருதல் நன்று. குளியலறைக்குத் தனிக் குழாய் இழுத்தல் அதனினும் நன்று. ஒரு பக்க நீர் மட்டும் வலுவாக வந்தால், அப்பக்கத்து அடைப்பானைச் சிறிது திருகிச் சமன் செய்யலாம். ஓட்டம் மெலிந்தால், முதலில் ஷவர் தலையையும் வடிகட்டி வலையையும் கழற்றி வண்டலை நீக்குங்கள். பம்பு வேண்டுமெனில் தொட்டிக்குப் பின்னரே பொருத்துக. தெருக்குழாயுடன் நேரே இணைத்தால் அண்டை வீட்டாரின் நீரை உறிஞ்சுவதுடன் அழுக்கையும் உள்ளிழுக்கக்கூடும். வசதியுள்ளோர், சூட்டைத் தானே சீராக்கும் கலவைக் குழாயைப் பொருத்தலாம்.

மின் கருவிக்கு 10 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்புக் கருவி இருத்தல் வேண்டும். அதன் சோதனைப் பொத்தானை மாதந்தோறும் அழுத்திப் பாருங்கள். மின்வேலையைத் தகுதி பெற்றவரிடமே விடுக.

காசில்லாக் காப்பு

திறக்கும்போது தண்ணீர் முதலில். மூடும்போது வெந்நீர் முதலில். பிள்ளையை நிறுத்துமுன் முழங்கையில் நீரைச் சோதியுங்கள். ஒருவர் குளிக்கையில் மற்றவர் குழாயைத் திறவாதிருங்கள். தவறிச் சுட்டுவிட்டால், ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள், பற்பசை பூசாதீர்கள், கொப்புளம் எழுந்தால் மருத்துவமனைக்கு விரையுங்கள்.

நிமிடத்திற்கு 9 லிட்டர் ஓடும் ஷவரில் பத்து நிமிடக் குளியல் 90 லிட்டரை விழுங்கும். ஐந்து நிமிடம் போதுமே! ஒவ்வொரு வாளியையும் தோளிலும் இடுப்பிலும் சுமந்து வந்த நம் தாய்மாருக்கு நீரின் அருமையை எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. நம் இல்லத்தில் இப்போது ஒரு வழக்கம் உண்டு: பின்கட்டுக் குழாயைத் தொடுமுன், "யார் குளிக்கிறீர்கள்?" என்று குரல் கொடுப்போம். நீங்களும் அவ்வாறே செய்யுங்கள்.