புழு தந்த பூட்டு!

மண்டபம் கடற்கரையில், 2010 மார்ச் 11-ம் தேதி ஒரு மீனுக்கு ஊசி போட்டாங்க. ஊசிக்குள்ள என்ன தெரியுமா? கர்ப்பிணிகள் உடம்புல சுரக்கிற ஹெச்.சி.ஜி. ஹார்மோன்! வீட்டிலேயே கர்ப்பத்தை டெஸ்ட் பண்ற கிட் தேடுறதும் இதைத்தான்.

மீன் பேரு கடல் விரால். இங்கிலீஷ்ல கோபியா. பெண் மீனுக்கு கிலோவுக்கு 500 யூனிட், ஆணுக்கு 250. மார்ச் 13, விடிகாலை நாலரை மணிக்கு முட்டை ரெடி. சுமார் 21 லட்சம்! மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையம் செய்த வேலை இது. இந்தியாவில் கடல் விராலை இப்படி முட்டையிட வைத்தது அதுதான் முதல் தடவை. வலையை மட்டுமே நம்பியிருக்கும் கடற்கரைக்கு, குஞ்சு விட்டு கூண்டில் மீன் வளர்க்க ஒரு வழி கிடைச்சது.

சரி, மனுஷ ஹார்மோன் மீன்கிட்ட எப்படி வேலை செய்யுது? ஹார்மோன் ஒரு சாவி பாஸ். செல்லின் மேல இருக்கிற ரிசப்டர்தான் பூட்டு. எல்.ஹெச்., ஹெச்.சி.ஜி. ரெண்டு சாவிக்கும் நம்ம உடம்பில் ஒரே பூட்டு. மீனோட பூட்டும் கிட்டத்தட்ட அதே ஜாடை. அதான் திறந்துக்குது.

இந்தப் பூட்டைக் கையில எடுத்துப் பார்க்கிறதுதான் பெரும்பாடு. ஒரு செல்லில் இருப்பதே கொஞ்சம். அதுவும் கொழுப்புச் சவ்வுக்குள்ள புதைஞ்சு கிடக்கும். பாக்டீரியாவிடம் செய்யச் சொன்னா பெரும்பாலும் சரியா மடிக்காது, மேல ஒட்ட வேண்டிய சர்க்கரையும் ஒட்டாது.

இங்கதான் நம்ம ஹீரோ என்ட்ரி. 2018-ல் இந்தியாவுக்குள் நுழைஞ்சு மக்காச்சோளத்தை மேய்ஞ்சு விவசாயிகளை அழவெச்ச அதே அமெரிக்கப் படைப்புழு! அதன் கூட்டுப்புழுவின் சினைப்பையிலிருந்து எடுத்த செல்களோட வாரிசுதான் 'எஸ்.எஃப்.9'. பூச்சிகளை மட்டுமே தாக்கும் பாக்குலோ வைரஸ், செல்லுக்குள் புகுந்தா ஒரு புரதத்தை மூட்டை மூட்டையா தயாரிக்க வைக்கும். அந்தப் புரதத்தோட ஜீனைத் தூக்கிட்டு, அதே இடத்தில் மனுஷ ஜீனை வெச்சா? மனுஷப் புரதம் கொட்டும். டெக்சாஸில் மேக்ஸ் சம்மர்ஸ் குழு 1983-ல் மனித இன்டர்ஃபெரானை இப்படித்தான் எடுத்துக் காட்டியது. ரெண்டு மூணு நாள்ல செல் செத்துப்போகும். அதுக்குள்ள அறுவடை முடிஞ்சிடணும். செல்கள் வளர 27 டிகிரி போதும். ராமநாதபுரம் வெயிலுக்கு அதுக்கே ஏ.சி. தேவைங்கிறது வேற கதை!

பிரையன் கோபில்கா 2007-ல் அட்ரினலின் ரிசப்டரின் வடிவத்தைப் பார்த்தது இந்தப் புழு செல்களை வெச்சுத்தான். 2012-ல் நோபல். நோவாவாக்ஸ் கோவிட் தடுப்பூசியின் புரதமும் எஸ்.எஃப்.9 சரக்கே.

மண்டபத்து ஊசி திறந்த அந்தப் பூட்டு? அதன் மனித வடிவத்தை சீன விஞ்ஞானிகள் பூச்சி செல்களில் தயாரிச்சு, 2021-ல் முழுசாப் படம் பிடிச்சாங்க. இதில் ஒரு எழுத்து பிசகினாலும் சாவியே இல்லாம பூட்டு திறந்துக்கும். மூணு நாலு வயசுப் பையனுக்குக்கூட பருவ மாற்றம் தொடங்கிடும். இன்னொரு பக்கம், குழந்தைக்காக சிகிச்சை எடுக்கும் பெண்கள் இன்னைக்கும் ஹெச்.சி.ஜி.யை ஊசியாத்தான் போட்டுக்கறாங்க. வாயால் விழுங்கினாலே இந்தப் பூட்டைத் திறக்கக்கூடிய 'ஆர்க் 43553' என்ற சின்ன மூலக்கூறு எந்த இடுக்கில் உட்காருதுங்கிறதும் அந்தப் படத்தில் சிக்கியது. மாத்திரையா அது இன்னும் கடைக்கு வரலை.